மே பதினேழாம் தேதி நாலு லோடு

அறுபது நீல நாற்காலிகளில் எது அந்த நாற்காலி என்று கண் தானாகத் தேடுகிறது. வேண்டாம், முன்னால் பார் என்றால் கேட்பதில்லை. எல்லாம் ஒரே அச்சு. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் அசோசியேஷன் பெயர், இல்லாவிட்டால் யாரோ தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் போல. ஒன்றின் கைப்பிடியில் மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு இருக்க வேண்டும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், லிஃப்ட் வேலை செய்யாத ஒரு காலை, என் வீட்டுக்காரரை அதில் உட்காரவைத்துத்தான் மாடிப்படியில் இறக்கினார்கள். திருப்பத்தில் சுவரில் இடித்தது. அன்றைக்கு அவர் சாம்பல் நிறத்தில் இருந்தார். இன்றைக்கு என் பக்கத்தில் நல்ல மாநிறத்தில், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில், முழங்காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டாதீங்க என்றால் ஒரு நிமிஷம் நிறுத்துவார், மறுபடி ஆடும். என் காலுக்கடியில் சம்ப்பின், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின், இரும்பு மூடி. இவ்வளவு பெரிய கார் பார்க்கிங்கில் வேறு இடமே இல்லாத மாதிரி இதன்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறேன். சற்று அசைந்தால்கூட மூடி டொக்கென்று ஒரு குரல் கொடுக்கிறது. மடியில் துணிப்பை. பைக்குள் ஒரு நோட்டு, சுருட்டிய ஒரு காலண்டர் தாள், டைப் அடித்த ஒரு தாள். பைக்கு மேல் என் இரண்டு கை, யாரோ பிடுங்க வருகிற மாதிரி. முன்னால் மைக்கோடு குருபரன் சார், எங்கள் செயலாளர், ஒரு பம்ப் கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். மைக் அவருக்குத் தேவையே இல்லை, அந்தக் குரல் வேளச்சேரிவரை கேட்கும், ஆனாலும் வலது கையில் மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால்தான் அவருக்குப் பேச்சு வரும். பொருநை, பொன்னி, வைகை என்று எங்கள் மூன்று பிளாக்குக்கு மூன்று ஆற்றின் பேர் வைத்தான் பில்டர். மூன்று ஆற்றுக்கும் சேர்த்து லாரியில்தான் தண்ணீர் வருகிறது. அஜெண்டா ஒன்று, போன பொதுக்குழுவின் மினிட்ஸ். படித்தார். "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்." அறுபது கை ஒரே சாய்வில் எழுந்து ஒரே சாய்வில் இறங்கின, மழையில் கார் கண்ணாடி வைப்பர் மாதிரி. அதில் என் கையும் ஒன்று. இறங்கின பிறகுதான் உறைத்தது, அவர் என்ன படித்தார் என்று எனக்குத் தெரியாது. இதுதான். இப்படித்தான். கேட்காமல் எழுகிற கை. அஜெண்டா தாள் என் விரல் வேர்வையில் நமுத்துவிட்டது, ஆனாலும் நான்காவது வரி தெளிவாகத் தெரிகிறது: உள் ஆடிட்டர் அறிக்கை, திருமதி சுகந்தி தண்டபாணி. இன்னும் இரண்டு அஜெண்டா இருக்கிறது. பெயிண்ட் ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று. பெயிண்ட் நீளும். நம் ஜனங்கள் கிரீமா சந்தனமா என்று சண்டை போடட்டும், தெய்வமே, இன்றைக்கு முழுக்கச் சண்டை போடட்டும்.

ஆடிட்டர் என்றால் வரிக்குக் கையெழுத்துப் போடுகிற, ஆபீஸ் வைத்திருக்கிற ஆடிட்டர் இல்லை. அவர் வெளியே எங்கேயோ இருக்கிறார். இது எங்கள் சங்க விதிப்படி. குடியிருக்கிறவர்களில் ஒருத்தர் வருஷம் முழுக்க நடந்ததைப் பதிவேடுகளில் பார்த்து, சரியா சரியில்லையா என்று பொதுக்குழுவில் எழுந்து சொல்ல வேண்டும். போன வருஷம் யாரும் முன்வரவில்லை. குருபரன் சார்தான் என் பெயரைச் சொன்னார். "சுகந்தி மேடம் கான்வென்ட்ல படிச்சவங்க, பி.காம்., வீட்ல சும்மாதான இருக்காங்க." சும்மா. அந்த வார்த்தையைச் சொன்னவனை நான் சும்மா விட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஏனென்றால் அப்போது என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. குருபரன் சார் தன் காரில் கொண்டுபோய்ச் சேர்த்து, டாக்டர் வெளியே வந்து பயமில்லை என்று தலையை ஆட்டுகிறவரை என்னோடு அந்த வராந்தாவில் நின்றவர். அவர் சட்டையில் இவருடைய வாந்தி. துடைக்கக்கூட இல்லை. அந்தச் சட்டையைப் பார்த்தவள், அடுத்து அந்த மனுஷன் நீட்டுகிற எதில்தான் கையெழுத்துப் போட மாட்டாள்? போன வருஷப் பொதுக்குழுவுக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தார். பின்னால் வாட்ச்மேன் ஏழுமலை, கையில் தண்ணீர் நோட்டு, லாரி லோடு எழுதுகிற பதிவேடு. நான் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன், மிக்ஸி சத்தத்தில் அவர் வாய் மட்டும் அசைந்தது. நிறுத்தினேன். "ஒரே ஒரு கையெழுத்து மேடம். பார்மாலிட்டி. லோடு எல்லாம் எண்ணியாச்சு." "கை ஈரமா இருக்கே சார்." "பரவால்ல, ஈரத்துல போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் மேல் நோட்டை வைத்து, மார்ச் முடிகிற பக்கத்தில், நூற்று நான்காம் பக்கம், 'சரிபார்க்கப்பட்டது', சுகந்தி டி. கான்வென்ட் கையெழுத்து, சாய்வாக, முத்து முத்தாக. பக்கத்தில் மஞ்சள் பொடியில் என் கட்டைவிரல். பி.காமில் ஆடிட்டிங் பேப்பரில் எனக்கு எழுபத்தெட்டு. ஆடிட்டர் ஒரு காவல் நாய் என்று படித்தோம். பிஸ்கட் போட்டவரைப் பார்த்து வாலாட்டுகிற காவல் நாயைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இல்லை. இரண்டு தாள் திருப்பியிருந்தால் போதும். இரண்டே தாள். ஏப்ரல், அப்புறம் மே. அப்போதே அங்கே எழுதியிருந்தது. மிக்ஸி ஜாரில் தேங்காய் காய்ந்துபோகும் என்று இருந்தேன்.

பெயிண்ட் ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது மாடி டீச்சர் எழுந்து, சந்தன நிறம் அடித்தால் கட்டிடம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும் என்கிறாள். சரியான பேச்சு. இன்னும் பேசு. நான் யாரையும் வேவு பார்க்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும், எழுந்ததும் முதலில் அதைச் சொல்ல வேண்டும், இல்லை, முதலில் சொன்னால் வேவு பார்த்தவள் மாதிரி இருக்கும். எங்கள் வீடு பொருநையில் முதல் மாடி, சரியாக இந்த சம்ப்புக்கு மேலே. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பாட்டுப் போடும், பிறந்தநாள் கேக்கில் வைக்கிற மெழுகுவர்த்தி பாடுகிற மாதிரி, அப்புறம் மோட்டார், அப்புறம் என் அடுக்களையில் அலமாரி டம்ளர்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிப் பல் தந்தியடிக்கும். மத்தியானம் இரண்டு மணிக்குக் கண் அசந்தால் அப்போதுதான் வருவான். போன வருஷம் கோடையில் எனக்கு வெறி பிடித்துவிட்டது. பொதுக்குழுவில் கேட்டுவிடுவது, இரண்டிலிருந்து நாலுவரை லாரி வரக்கூடாது என்று தீர்மானம் போடச் சொல்வது, ஆதாரம் வேண்டுமே என்று அடுக்களைக் காலண்டரில் ஒவ்வொரு லோடுக்கும் பென்சிலில் ஒரு கோடு போட்டேன். டம்ளர் ஆடினால் ஒரு கோடு. காலையிலும் போட்டேன், சாயங்காலமும் போட்டேன், பிடித்தால் விடாத குணம், அம்மா சொல்வாள் உடும்பு என்று. ஜூன் பிறந்ததும் மழை வந்தது, கோபம் ஆறிப்போனது. அப்புறம் அந்த மே மாசத் தாளைக் கிழித்து, மளிகை அலமாரியில் அடியில் விரித்துவிட்டேன். மேலே சீரகம், வெந்தயம், மிளகு. ஒரு வருஷமாக அதன்மேல் டப்பாவை வைத்து எடுத்து, வைத்து எடுத்து. இந்தச் செவ்வாய்க்கிழமை, இந்த வருஷமாவது பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று நோட்டைக் கேட்டு வாங்கினேன். நோட்டில் போன வருஷம் மே மாசம் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு லோடு. சாம்பார்ப் பொடி எடுக்க அலமாரியைத் திறந்தேன். டப்பாவைக் கீழே இறக்கி, தாளை உருவி, உதறி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் எண்ணினேன். எழுபத்தொன்று. மறுபடி எண்ணினேன். எழுபத்தொன்று. திருச்சியில் அண்ணன் மகள் வளைகாப்புக்கு நாலு நாள் போயிருந்தேன், அந்தக் கட்டங்கள் காலி. நாளைக்கு நாலு லோடு வந்திருந்தாலும் பதினாறு. எண்பத்தேழு. இன்னும் இருபத்தைந்து லோடு எங்கே? தூங்கிப்போயிருப்பேன், குளித்துக்கொண்டிருந்திருப்பேன், கடைக்குப் போயிருப்பேன். எல்லாச் சந்தேகத்தின் பலனையும் அவர்களுக்கே கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே விரல் கீழே வந்தது, பதினேழாம் தேதிக்கு. கட்டத்தில் கோடே இல்லை. என் கையால் எழுதியிருக்கிறது: 'லாரி ஸ்டிரைக். ஒரு சத்தம் இல்லை. நல்ல தூக்கம்.' லாரிக்காரர்கள் இரண்டு நாள் வண்டி எடுக்கவில்லையே, எங்கள் வாட்ஸாப் குரூப்பே பற்றி எரிந்ததே, இந்த டீச்சர் அரை வாளியில் மூன்று பேர் குளித்தோம் என்று போட்டாளே. நோட்டைத் திருப்பினேன். மே பதினேழு: காலை ஏழு பத்து, ஒன்பது நாற்பது, மத்தியானம் இரண்டேகால், சாயங்காலம் ஐந்து. நாலு லோடு. நாலு கையெழுத்து. இரண்டேகாலாம். நான் நல்ல தூக்கம்.

ஒரு லோடு என்ன விலை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், நான் பெருக்கிப் பார்க்கவில்லை. லாரிக்காரன் ஏமாற்றினானா, குருபரன் சார் ஏமாற்றினாரா, இரண்டு பேருமா, எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லக்கூடாது. ஆனால் எனக்குக் குருபரன் சாரைப் பிடிக்காது, அது தெரியும். பிடிக்காத ஆள் தப்பும் செய்திருந்தால் எவ்வளவு சௌகரியம், தலையணைக்குப் புது உறை போட்ட மாதிரி. பொங்கலுக்கு முன்னால் நோட்டீஸ் ஒட்டினாரே, பால்கனியில் துணி காயப்போடுவது கட்டிடத்தின் மதிப்பைக் குறைக்கும் என்று, கூடவே குரூப்பில் ஒரு போட்டோ, யார் வீடு என்று போடவில்லை, ஆனால் அந்த ரோஸ் உள்பாவாடை யாருடையது என்று மூன்று ஆற்றுக்கும் தெரிந்தது. இப்போது நான் எழுந்து நிற்கப் போவது இருபத்தைந்து லோடுக்காகவா, ஒரு உள்பாவாடைக்காகவா? சொல்லு சுகந்தி. வேர்க்கிறது. ஃபேன் அந்தப் பக்கம் திரும்பிப் போனால் வர மாட்டேன் என்கிறது. உள்பாவாடை இல்லாமல் இருந்தாலும் பதினேழாம் தேதி பதினேழாம் தேதிதான். ஆனால் உள்பாவாடை இல்லாமல் இருந்தால் நான் செவ்வாய்க்கிழமை நோட்டைக் கேட்டிருப்பேனா? அங்கேதான் முள் மாட்டுகிறது, எடுத்தால் வரவில்லை. சரி, கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் நடந்ததைப் பார். புதன்கிழமை காலை நோட்டீஸைக் காணோம், நாலு மூலையில் பசை மட்டும். வியாழக்கிழமை அவர் மனைவி இந்துமதி ஒரு எவர்சில்வர் டப்பா நிறையப் பலாச்சுளை, கொட்டை எடுத்து, சுத்தம் செய்து, "அக்கா, உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்." ஒரு வருஷமாக லிஃப்டில் என்னைக் கண்டால் போனைப் பார்க்கிற பெண். வெள்ளிக்கிழமை குருபரன் சார் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தண்டபாணி சார், துணைத்தலைவரா உங்க பேரைப் போடலாம்னு இருக்கோம்." சனிக்கிழமை, இந்தத் தடவை நான் கேட்காமலே, லாரி இனி இரண்டிலிருந்து நாலுவரை வராது. ஐந்து நாளில் நான் ஒரு வருஷம் கேட்டதெல்லாம் வாசலில் வந்து நின்றது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டினால் நான் திருப்பித் திட்டுவேன், அதில் நான் எம்.ஏ. பலாச்சுளையை என்ன செய்வது? இரண்டு சாப்பிட்டேன். நல்ல பழம். தேன் மாதிரி இருந்தது. மீதியை இவர் சாப்பிட்டார், சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு. டப்பா இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, வெறும் டப்பாவாகக் கொடுக்கக்கூடாதே என்று மேடையில் இருக்கிறது, காலையில் பால் பொங்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது.

பெயிண்ட் முடிந்தது. கிரீம். கைகள் எழுந்தன, இறங்கின. இந்தத் தடவை நான் தூக்கவில்லை. பைமேல் வைத்த கை பைமேலேயே. இவர் ஓரக்கண்ணால் பார்த்தார். ஏழுமலை காபித் தட்டோடு சுவரோரம் வந்து நிற்கிறார், காகிதக் கப்புகள், கொட்டாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயசு, வந்தவாசிப் பக்கம், கேட்டுக்குப் பக்கத்தில் அந்த ஒற்றை அறையில் பெண்சாதியோடு ஒன்பது வருஷம். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பார்த்தேன், போதும். கூப்பிட்டு, நோட்டைக் காட்டி, "ஏழுமலை, அன்னிக்கு ஸ்டிரைக்காச்சே, இந்த நாலும் உங்க கையெழுத்துதானே" என்றேன், மிரட்டுகிற குரலில்தான், நல்லவள் மாதிரி நடிக்க வேண்டாம். அவர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அலுத்துக்கொள்ளாமல், குற்றம் சொல்லாமல், மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்: "மாசக் கடசீல சார் நோட்டக் குடுப்பாரும்மா. பேனாவும் அவுரே குடுப்பாரு. நான் வரிசையா போட்னே போவேன். நீங்ககூட அப்டித்தானம்மா போட்டீங்க? நான்தான நோட்ட எடுத்துனு வந்தேன்." நீங்ககூட அப்டித்தானம்மா. பல்லில் மாட்டின நார் மாதிரி நாலு நாளாக அதே வரி. குளிக்கும்போது, வெங்காயம் நறுக்கும்போது. நீங்ககூட. இன்றைக்குக் காலை லிஃப்ட் வாசலில் குருபரன் சார் காத்துக்கொண்டிருந்தார். நல்ல விபூதி, நல்ல வாசனை. "மேடம், ரிப்போர்ட் டைப் பண்ணியே கொண்டாந்துட்டேன், உங்களுக்குச் சிரமம் வேணாம்னு." வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சரி, எல்லாம் சரி, கடைசியில் ஒரு வரி: தண்ணீர்ப் பதிவேட்டில் காவலாளியின் கவனக்குறைவால் சில தவறுகள் காணப்படுகின்றன, அவரை மாற்ற சங்கத்துக்குப் பரிந்துரைக்கிறேன். பரிந்துரைக்கிறேன். நான். "நீங்க கண்டுபுடிச்சத நான் மறைக்கலையே மேடம், எழுதித்தான இருக்கு" என்றார். "ஸ்டிரைக் அன்னிக்கு வாட்ச்மேன் தூக்கத்துலயா சார் நாலு லாரி பார்த்தார்?" என்றேன். சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார், இரக்கப்படுகிறவர் மாதிரி. "அதே நோட்டுல, ரெண்டு தாள் முன்னாடி, உங்க கையெழுத்தும் இருக்கு மேடம். அந்த வருஷமும் இதே மாதிரிதான் இருக்கும்னு யாராவது கேட்டா? ஒங்கள மாட்டிவிட எனக்கு மனசு வராது." லிஃப்ட் வந்தது. கதவைப் பிடித்து எனக்கு வழிவிட்டார். நான் படியில் இறங்கினேன்.

ஏழாம் வகுப்பில் நான் லீடர். சிஸ்டர் ஆபீசுக்குப் போனால், பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதினேன். பதினொரு பேர், வரிசையாக, சாய்வாக, முத்து முத்தாக. அக்னெஸ் என்கிற அடங்காப்பிடாரி கடைசி பெஞ்சிலிருந்து கத்தினாள், "லீடரும் பேசினா, நான் சொல்வேன், லீடரும் பேசினா!" பேசியிருந்தேன்தான். வாசலில் ஜெபமாலை குலுங்குகிற சத்தம். டஸ்டர் தேட நேரமில்லை, உள்ளங்கையால் அழித்தேன், பதினொரு பெயரையும், மேலிருந்து கீழே. "ஹூ வாஸ் டாக்கிங்?" "நோபடி, சிஸ்டர்." குட் கேர்ள் என்றாள். கன்னத்தில் தட்டினாள். வகுப்பே கைதட்டாத குறை. மத்தியானம் தயிர்சாதத்தில் சாக்பீஸ் ருசி. எத்தனை கழுவியும் போகவில்லை. அந்த ருசி இப்போது வாயில் இருக்கிறது, இந்த நிமிஷம், நாக்கின் அடியில், சத்தியமாக. அவர் கொடுத்த தாளைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் என்ன? ஒரு நிமிஷம். கிரீமுக்குத் தூக்கின கைகள் எனக்கும் தூக்கும். துணைத்தலைவர் பெண்சாதி. பால்கனியில் உள்பாவாடை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு தூக்கம். கேட் பக்கத்து அறையில் வேறு ஒரு பெண்சாதி, வேறு ஒரு அடுப்பு. அவ்வளவுதான். வேறு எதுவும் மாறாது. பொய்கூட இல்லை அது, கவனக்குறைவுதானே, ஏழுமலைக்குக் கவனக்குறைவு, எனக்கு மட்டும் பார்மாலிட்டி. இவர் என் பக்கம் சாய்கிறார். வாயில் கிராம்பு வாசனை. "சுகந்தி, அவர் குடுத்தத படிச்சிட்டு உக்காந்துடு." "ஏன்?" "அந்த மனுஷன் இல்லைன்னா நான் இல்ல." "தெரியும்." "என்னைச் சேர்ல தூக்கிட்டு எறங்கினவர்டீ." தெரியும், தெரியும், எத்தனை தடவை. பார்த்தவளே நான்தானே. படியின் மேலே நின்று ஐயோ பார்த்து, ஐயோ பார்த்து என்று கத்திக்கொண்டு. இவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குருபரன் சாரின் வழுக்கை எனக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில், அதில் வேர்வை முத்து. வழுக்கை எனக்கு ஏன் அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது? அவர் மேல் படியில் இருந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். அப்படியானால் கீழ்ப் படியில் யார்? நாற்காலியின் முன்னங்காலைப் பிடித்து, கீழ்ப்பக்கம் முதுகு காட்டிப் பின்னாலேயே ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினது யார்? காக்கிச் சட்டை. திருப்பத்தில் சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் கைமுட்டி நசுங்கி, ஆத்தா என்று ஒரே ஒரு சத்தம், ஆனால் விடவில்லை. படியில் கனமான சாமானை இறக்கினால் பாரம் முழுக்கக் கீழே நிற்கிறவன்மேல்தான், பீரோ இறக்கின எந்த வீட்டுக்காரிக்கும் அது தெரியும். காரில் இடம் இல்லை என்று ஏழுமலையை விட்டுவிட்டுப் போய்விட்டோம். தீபாவளிக்குக் குருபரன் சாருக்கு வெள்ளிக் கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஏழுமலைக்கு எல்லாரும் கொடுக்கிற அதே கவர். ஒன்றரை வருஷமாக நன்றி நன்றி என்று அலைகிறேனே, பாதி நன்றிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது மீதிப் பாதியின் தலையில்தான் அந்த வரியைப் படிக்கச் சொல்கிறார்கள்.

ஜெனரேட்டர் இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. துரோகிகள். கை எழுந்தது, இறங்கியது. "அடுத்து, நாலாவது, நம்ம ஆடிட்டர் மேடம். எல்லாம் கரெக்டா இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா, காபியக் குடிச்சிட்டுக் கலையலாம்." சிரிப்பு. எழுந்தேன். சம்ப்பு மூடி டொக்கென்றது. முந்தானை வரவில்லை, குனிந்து பார்த்தால் இவர் விரல், நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, குழந்தை பிடிக்கிற மாதிரி. அந்த விரலின் கீழே, நாற்காலிக் கைப்பிடியில், சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு. இத்தனை நேரம் இவர் உட்கார்ந்திருந்ததே அதில்தான். இழுக்கவில்லை நான். நின்றேன். இவர் முழங்கால் ஆடுவது நின்றுவிட்டது. டைப் அடித்த தாளை எடுக்கப் பையில் கைவிட்டால் விரலில் நோட்டின் முரட்டு அட்டைதான் படுகிறது. சரி. அதையே எடுத்தேன். "வணக்கம்." என் குரல் எனக்கே கான்வென்ட் எலோகியூஷன் மாதிரி கேட்டது, தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இந்தத் தண்ணி நோட்டுல தப்பு இருக்கு. மொதல் தப்பு நூத்தி நாலாம் பக்கம். அது என் கையெழுத்து. ஒரு பக்கம்கூடத் திருப்பாம, தேங்கா அரைச்சிட்டிருக்கும்போது, பாத்தேன்னு பொய்யாப் போட்டது. பக்கத்துல மஞ்சத் தூள்கூட இருக்கு, வேணும்னா வந்து பாருங்க. அந்த வருஷம் எத்தனை லோடு வந்துதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு போன வருஷமே சொல்லியிருக்கணும்." சிரிப்பு நின்றுவிட்டது. ஃபேன் மட்டும் திரும்பி இந்தப் பக்கம் வந்தது. "மேடம், மேடம், அதெல்லாம் பழைய கதை, உக்காருங்க" என்கிறார் மைக்கில், பார்க்கிங் முழுக்க உக்காருங்க உக்காருங்க என்று எதிரொலி. பின்னாலிருந்து டீச்சர், "பேச விடுங்க சார்." முந்தானை திடீரென்று இலேசாக இருந்தது. பார்க்கவில்லை, விரல் விட்டுவிட்டது என்று தெரிந்தது. காலண்டர் தாளைப் பிரித்தேன், சுருண்டுகொண்டே போகிறது சனியன், முன் வரிசை வரைக்கும் சீரக வாசனை. "போன வருஷம் மே பதினேழு. இந்த நோட்டுல நாலு லோடு வந்ததா எழுதி, வாட்ச்மேன் கையெழுத்து வாங்கியிருக்கு. மாசக் கடைசில மொத்தமா வாங்கினது. நான் எப்படிப் போட்டேனோ அப்படித்தான் அவரும் போட்டார், அவர அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க. அன்னிக்கு லாரி ஸ்டிரைக். எனக்கு ஞாபகம் தப்பா இருக்கலாம். செயலாளரை எனக்குப் பிடிக்காது, அதனால நான் சொல்றத அப்படியே நம்பவும் வேண்டாம். நீங்களே சொல்லுங்க. இவ்வளவு நேரமும் எல்லாத்துக்கும் கை தூக்கினீங்களே, இதுக்கும் தூக்குங்க. அன்னிக்கு லாரி வந்துதுன்னு தெரிஞ்சவங்க, கை தூக்குங்க."

ஏழுமலை காபித் தட்டைத் தரையில் வைத்தார். அறுபது பேர். மடியில் கை, முழங்காலில் கை, ஒருத்தரையொருத்தர் பார்க்கிற கண். இந்துமதி தன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கைகூட எழவில்லை. குருபரன் சாரின் கை மட்டும் மைக்கோடு மேலே இருந்தது. அதுவும் மெல்லக் கீழே இறங்கியது.